ஜாம்பிக்கு மவுசு போச்சு! நம்ம ஊர்ப் பேய்க்கு முன்னால் நிற்க முடியவில்லை!

ஆலத்தியூர்,-

செத்த பிணம் எழுந்து நடக்கும். எதிரே வந்தவரைக் கடிக்கும். கடிபட்டவரும் பிணமாகி, அடுத்த ஆளைக் கடிக்க ஓடுவார். அவர் கடித்தவர் இன்னொருவரை... இப்படியே ஊர் முழுவதும் பிணமாகிவிடும்.

இதுதான் "ஜாம்பி" படம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு உலகம் பூராவும் சக்கைபோடு போட்ட சரக்கு. இப்போது அதற்கு மவுசு குறைந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ, வந்த வேகத்திலேயே படுத்துவிட்டது.

ஆனால் வெள்ளைச் சேலை, தலைவிரி கோலம், கொலுசுச் சத்தம் என்று வரும் நம்ம ஊர்ப் பேய் மட்டும் இன்னும் "ஹவுஸ்புல்" போர்டு மாட்டிக் கொண்டிருக்கிறது.

அதே பயம், அதே இருட்டு. பின் ஏன் ஒன்றுக்குக் கூட்டம், ஒன்றுக்கு ஈ ஓட்டல்?

சிமெண்டு ஊர்

அரியலூர் மாவட்டம், செந்துறை தாலுகாவில் இருக்கிறது ஆலத்தியூர். பூமிக்கு அடியில் சுண்ணாம்புக்கல். பூமிக்கு மேலே சிமெண்டு ஆலை. இரவு பகல் என்று பார்க்காமல் விளக்கு எரிகிறது.

ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சினிமா என்றால் டூரிங் டாக்கீஸ்தான். தரை டிக்கெட் எடுத்து, மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து, இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு நடந்தே வீடு திரும்ப வேண்டும். வழியில் ஒரு புளியமரம் நிற்கும். பேய்ப் படத்தின் பாதிப் பயம் கொட்டகைக்குள். மீதிப் பயம் அந்தப் புளியமரத்தடியில். "திரும்பிப் பார்க்காதே, பேசாம வா" என்று பெரியவர்கள் அதட்டிக் கொண்டே நடப்பார்கள்.

இப்போது கொட்டகையும் இல்லை, நடையும் இல்லை. ராத்திரியில் இந்த ரோட்டில் பயப்பட வேண்டியது சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிக்குத்தான்!

இந்த மண்ணில் தோண்டத் தோண்ட செத்தது எழுந்து வருவதும் உண்மை. ஆனால் அது பிணம் அல்ல. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த நத்தையும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கின்றன. 2009-ல் செந்துறை பக்கத்தில் டைனோசர் முட்டைகள் கும்பல் கும்பலாகக் கிடைத்து உலகப் பத்திரிகைகளில் எல்லாம் செய்தி வந்தது. யாரையும் கடிக்கவில்லை.

கரும்பு ஆலைப் பிணம்

ஜாம்பி எங்கே பிறந்தது?

அமெரிக்காவுக்குத் தெற்கே, கரீபியன் கடலில் உள்ள ஹெய்தி நாட்டில். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கரும்புத் தோட்டம் போட்டார்கள். ஆப்பிரிக்காவில் இருந்து மக்களைக் கப்பலில் அடிமைகளாகக் கொண்டு வந்து வேலை வாங்கினார்கள். சவுக்கடி தாங்காமல் செத்தவர்கள் கணக்கில் அடங்காது.

அந்த அடிமைகளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை: செத்தாலாவது உயிர் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிவிடும். ஒரே ஒரு பயம்: செத்த பிறகும் மந்திரவாதி எழுப்பி மறுபடியும் வேலைக்கு அனுப்பிவிட்டால்?

அந்தப் பயம்தான் ஜாம்பி. அது கடிக்காது. ரத்தம் குடிக்காது. பேசாமல் கரும்பு வெட்டும். கூலி கேட்காது. பார்க்கிறவருக்குப் பயம் ஜாம்பியைப் பார்த்து அல்ல. நாமும் இப்படி ஆகிவிடுவோமோ என்றுதான்.

ஹெய்தி அடிமைகள் கிளர்ச்சி செய்து 1804-ல் விடுதலை பெற்றார்கள். 1915-ல் அமெரிக்க ராணுவம் அங்கே புகுந்து 1934 வரை இருந்தது. அந்தச் சமயத்தில்தான் கதை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. 1932-ல் "ஒயிட் ஜாம்பி" என்ற படம் வந்தது. டிராகுலா புகழ் பேலா லுகோசி மந்திரவாதியாக வந்தார். அதிலும் பிணங்கள் சர்க்கரை ஆலையில்தான் வேலை செய்தன.

கடிக்க ஆரம்பித்த கதை

அதைக் கடிக்க வைத்தவர் ஜார்ஜ் ரொமேரோ என்ற அமெரிக்க டைரக்டர். 1968-ல் சில நண்பர்களோடு சேர்ந்து, கையில் இருந்த கொஞ்சம் பணத்தில், கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தார். "நைட் ஆப் தி லிவிங் டெட்". ரத்தத்துக்குப் பதில் சாக்லெட் பாகு ஊற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் "ஜாம்பி" என்ற சொல் ஓர் இடத்தில்கூட வராது. பெயர் ஒட்டிக் கொண்டது பிறகுதான்.

அதற்குப் பிறகு மடமடவென்று வளர்ந்தது. 1983-ல் மைக்கேல் ஜாக்சன் "திரில்லர்" பாட்டுக்குப் பிணங்களோடு ஆடினார். நம்ம ஊர் மேடைகளிலும் இளைஞர்கள் அந்த ஆட்டத்தைக் காப்பி அடித்தார்கள். 1996-ல் ஜப்பானில் இருந்து "ரெசிடென்ட் ஈவில்" வீடியோ விளையாட்டு வந்தது. 2010-ல் "தி வாக்கிங் டெட்" டெலிவிஷன் தொடர். 2014 அக்டோபரில் அதன் ஒரு பகுதியை அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். 2013-ல் பிராட் பிட் நடித்த "வேர்ல்டு வார் இசட்" கோடி கோடியாக வாரிக் குவித்தது.

அதுதான் உச்சி. பிறகு சரிவு.

"வேர்ல்டு வார் இசட்" இரண்டாம் பாகத்தை 2019-ல் கைகழுவி விட்டார்கள். "வாக்கிங் டெட்" தொடரின் கடைசிப் பகுதி 2022 நவம்பரில் ஒளிபரப்பானபோது பார்த்தவர்கள் 25 லட்சம் பேர்கூட இல்லை. ஒரு கோடியே 70 லட்சம் எங்கே, இது எங்கே!

அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2016-ல் கொரியாக்காரர்கள் எடுத்த "டிரெயின் டு பூசான்" ஓட்டமாக ஓடியது. ஓடும் ரெயில், தப்பிக்க இடம் இல்லை, கூடவே அப்பா-மகள் பாசம். கண்ணீர் இருந்ததால் கூட்டம் இருந்தது. 2023-ல் "தி லாஸ்ட் ஆப் அஸ்" தொடரும் நன்றாகப் போனது. ஆனால் வாரத்துக்கு ஒரு ஜாம்பி என்று வந்து கொண்டிருந்த காலம் போய்விட்டது.

ஊட்டியில் ஜாம்பி

தமிழுக்கு ஜாம்பியைக் கொண்டு வந்தது "மிருதன்". 2016 பிப்ரவரியில் வெளிவந்தது. சக்தி சவுந்தர் ராஜன் டைரக்ஷன். ஜெயம் ரவி கதாநாயகன் (2025 முதல் ரவி மோகன் என்று பெயர் மாற்றிக் கொண்டார்). லட்சுமி மேனன் கதாநாயகி. இமான் இசை.

ஊட்டியில் ஒரு டிராபிக் போலீஸ்காரர். அவருக்கு ஒரு தங்கை. ரசாயனக் கழிவு கொட்டி, நாய்க்குப் போய், நாயிடம் இருந்து மனிதனுக்குப் பரவி, மலை நகரம் நடுங்குகிறது. டைரக்டர் கெட்டிக்காரர். வெறும் கடி மட்டும் போதாது என்று தெரிந்து தங்கைப் பாசத்தைச் சேர்த்தார். புதுசாக இருந்ததால் ஜனங்களும் போய்ப் பார்த்தார்கள்.

2019 செப்டம்பரில் யோகிபாபு, யாஷிகா ஆனந்த் நடித்த "ஜாம்பி" வந்தது. வந்த சுவடு தெரியாமல் பெட்டிக்குள் போய்விட்டது. இந்தியில் 2013-லேயே சயிப் அலிகான் நடித்த "கோ கோவா கான்" வந்திருந்தது. தெலுங்கில் 2021-ல் "ஜாம்பி ரெட்டி" ஓரளவு ஓடியது. அவ்வளவுதான் கதை.

"யார் நீ? என்ன வேணும்?"

பேய் பிடித்த பெண்ணை முன்னால் உட்கார வைத்து, பூசாரி உடுக்கை அடித்துக் கேட்பாரே, ஞாபகம் இருக்கிறதா? "யார் நீ? எங்கேருந்து வந்தே? உனக்கு என்ன வேணும்?"

பேய் பதில் சொல்லும். தன் பெயர், ஊர், யார் கெடுத்தார்கள், எந்தக் கிணற்றில் தள்ளினார்கள், எல்லாம் சொல்லும். கடைசியில் கோழியோ, சேலையோ கேட்டு வாங்கிக் கொண்டு போகும்.

தமிழ்ப் பேய்ப் படம் என்றால் அந்த உடுக்கைக் கேள்விக்குப் பதில்தான். இடைவேளைக்குப் பிறகு வரும் "பிளாஷ்பேக்" பேயின் வாக்குமூலம். "காஞ்சனா" (2011) படத்தில் நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையுண்ட திருநங்கை வந்து நியாயம் கேட்கிறார். மிஷ்கினின் "பிசாசு" (2014) படத்துப் பெண்ணோ, தன் சாவுக்குக் காரணமானவனையே காப்பாற்றுகிறாள். கோர்ட்டில் கிடைக்காத நீதி பேய்க்குக் கிடைக்கிறது. ஜனங்கள் கை தட்டுகிறார்கள்.

ஜாம்பியிடம் உடுக்கை அடித்துக் கேட்டுப் பாருங்கள். "கர்ர்ர்..." என்று கத்தும். பெயர் இல்லை. ஊர் இல்லை. புகார் இல்லை. யார் பெற்ற பிள்ளை என்றுகூடத் தெரியாது. சுட்டால் விழும், அடுத்தது வரும். இதற்கு யார் அழுவார்கள்?

இன்னொரு சங்கடம். எழுந்து வருவதற்குப் புதைத்த உடல் வேண்டும். இங்கே பாதிப் பேரை எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிடுகிறோம்!

செத்த உடல் எழுந்து நடக்கும் கதை நமக்குப் புதிதும் அல்ல. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய பிணத்துக்குள் வேதாளம் இருந்ததே. ஆனால் அந்த வேதாளம் கடிக்கவில்லை. கதை சொல்லி, கேள்வி கேட்டு, ராஜாவையே மடக்கியது.

பரணிப் பேய்

பேயும் சிரிப்பும் சேர்ந்த படம் என்றால் லாரன்சும் சுந்தர் சி.யும் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்தச் சரக்கு சுமார் 900 வருடத்துப் பழசு.

இதே அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக வைத்து ஆண்டவர் முதலாம் குலோத்துங்க சோழன். அவருடைய படை கலிங்கத்தை வென்றதைப் பாடியது ஜெயங்கொண்டாரின் "கலிங்கத்துப் பரணி". அதில் பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடித்துக் கூத்தாடுகின்றன. நெஞ்சு நடுங்கவும் வைக்கும், சிரிக்கவும் வைக்கும்.

நடைப்பிணம்

ஆங்கிலத்துக்கு ஜாம்பி என்ற சொல் கடன். தமிழுக்குக் கடன் தேவையே இல்லை. "நடைப்பிணம்" என்று எப்போதோ சொல்லி வைத்திருக்கிறோம்.

ஆனால் அது யாரைச் சொல்கிறது? பிள்ளையைப் பறிகொடுத்த தாயை. கடனில் மூழ்கியவனை. குடியில் அழிந்தவனை. "நடைப்பிணமா ஆயிட்டான் பாவம்" என்பார்கள். பயந்து ஓட மாட்டார்கள். கஞ்சி கொண்டு போய்க் கொடுப்பார்கள். ஹெய்தி கரும்புத் தோட்டத்து ஜாம்பிக்கு அசல் சொந்தக்காரன் இவன்தான். ஹாலிவுட்டின் கடி பிணம் அல்ல.

கோயம்பேடு கூட்டம்

பிறகு வந்தது கொரோனா.

2020 மார்ச் 24 நள்ளிரவு முதல் ஊரடங்கு. ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்கள், காய்கறிக் கடையில் வேலை பார்த்தவர்கள் பிழைப்புக்கு வழி இல்லாமல் கிடைத்த வண்டியில் ஏறி ஊர் திரும்பினார்கள். அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் அதில் ஏராளம். மே 5-ந்தேதி மார்க்கெட்டே மூடப்பட்டது. அதுவரை விரல்விட்டு எண்ணும்படி இருந்த அரியலூர் மாவட்டத்து நோயாளிகள் கணக்கு சில நாட்களில் நூற்றுக்கணக்கில் ஏறியது.

"கோயம்பேட்டுலேருந்து வந்திருக்கானாம்" என்ற ஒரு பேச்சு போதும். தெருவில் கதவு சாத்தப்படும். சொந்த அண்ணன் தம்பியே தூர நிற்பான். முகமூடி போட்ட ஆட்கள் வந்து வண்டியில் ஏற்றிப் போவார்கள். தடுப்புக் கட்டை, தகரம், விசில், சைரன்.

அப்படியே ஜாம்பிப் படம்! ஒரே ஒரு வித்தியாசம்: எதிரே நின்றது பிணம் அல்ல, பசியோடு ஊர் திரும்பிய கூலிக்காரர். அவருக்குப் பெயர் இருந்தது, வீடு இருந்தது, கதவுக்குப் பின்னால் பெண்டாட்டி பிள்ளை அழுதார்கள்.

அதைக் கண்ணால் பார்த்த ஜனங்களுக்கு, தொற்றிக் கொண்டவனைத் துரத்தித் துரத்திச் சுடும் படம் எப்படி இனிக்கும்? உலகம் முழுவதும் ஜாம்பிப் படத்துக்கு ஏற்கனவே மவுசு குறைந்து கொண்டுதான் இருந்தது. மிச்சம் இருந்ததையும் கொரோனா கொண்டு போனது என்றால் அது அதிகப்படி ஆகாது.

வசூல் கணக்கு

மூடிக்கிடந்த தியேட்டர்கள் 2020 நவம்பர் 10-ந்தேதிதான் திறந்தன. ஒற்றைத் திரை வைத்திருந்த சிற்றூர்க்காரர்கள் பாடு திண்டாட்டம்.

அப்போதும் பிறகும் கை கொடுத்தது யார்? பேய்!

பேய்ப் படத்துக்குப் பெரிய கதாநாயகன் வேண்டாம். ஒரு பழைய பங்களா, ஒரு கிணறு, நாலு நகைச்சுவை நடிகர்கள் போதும். ஜாம்பிக்கோ நூறு பேருக்குக் காலையில் இருந்து "மேக்கப்" போட வேண்டும். தெருவையே வளைக்க வேண்டும். சின்னப் பட அதிபருக்குக் கட்டுபடி ஆகாது.

பேய்க்கும் சறுக்கல் வந்தது உண்டு. 2014, 2015-ல் "அரண்மனை", "டார்லிங்", "காஞ்சனா-2", "டிமான்டி காலனி", "மாயா" என்று வரிசையாக ஓடியதும், ஆளாளுக்குப் பேயைப் பிடிக்கக் கிளம்பினார்கள். "இன்னுமா பேய்?" என்று ரசிகர்கள் சலித்துக் கொண்டார்கள். பல படங்கள் பெட்டியோடு திரும்பின.

ஆனாலும் எழுந்து வந்துவிட்டது. 2024-ல் முதல் நாலு மாதம் தமிழ்ப் படங்கள் சரியாக ஓடாமல் தியேட்டர்கள் காய்ந்து கிடந்தன. மே மாதம் "அரண்மனை-4" வந்தது. லீவில் இருந்த பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்தது. ஆகஸ்டில் "டிமான்டி காலனி-2". அதுவும் ஓடியது.

"மிருதன்" படத்தின் முடிவில் இரண்டாம் பாகத்துக்கு வழி வைத்திருந்தார்கள். கடிபட்ட கதாநாயகன் இன்னும் வரவில்லை.