காப்பகத்து நாய் வீட்டுக்கு வரும்போது

எண்ணூருக்குப் பக்கத்தில் உள்ள அத்திப்பட்டில் நாய் வளர்க்க ஆசைப்படும் குடும்பங்கள் பல இன்று ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் சாதி நாய்க்குட்டி வாங்குகின்றன. வளர்க்க முடியாமல் கைவிடப்பட்ட அதே சாதி நாய்கள் காப்பகங்களில் கிடக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, நம் வெயிலுக்குப் பழகிய நாட்டு நாய்களும் ஒரு வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. நாய் வேண்டுமென்றால் முதலில் காப்பகத்துக்குப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் தத்தெடுப்பதை இரக்கத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. வீட்டில் உள்ளவர்களின் உடல்நலமும் அதில் அடங்கியிருக்கிறது.

போவதற்கு முன்

அனல்மின் நிலையம், துறைமுகம், கன்டெய்னர் யார்டு என்று இங்கே பாதிப் பேருக்கு ஷிப்ட் வேலை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டு மாதக் குட்டி நாள் முழுக்கத் தனியே இருக்க முடியாது. அதற்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை உணவு வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு, மூன்று வயதான நாயே பொருத்தம். அதன் குணம் தெரிந்திருக்கும். குழந்தைகளோடு ஒத்துப்போகுமா என்பதைக் காப்பக ஊழியரே சொல்லிவிடுவார். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வீடு மாறும்போது தெருவில் விடப்படும் நாய்கள் நம் பகுதியில் குறைவில்லை.

காது ஓரமும் தடுப்பூசி அட்டையும்

சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ், 1964-லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணியை ஆரம்பித்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல். கருத்தடை செய்த தெருநாயின் காது ஓரத்தில் சிறிய வெட்டு இருக்கும். அதைக் குறையாக நினைத்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. உண்மையில் அந்த நாய்க்கு அறுவை முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்து தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் ஊசி, பார்வோவும் டிஸ்டம்பரும் வராமல் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து ஆகியவை எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டன என்று அதில் இருக்க வேண்டும். பார்வோ குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடும். அதன் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முன்பு ஒரு குட்டி பார்வோவில் இறந்த வீடு என்றால், தடுப்பூசி முழுதும் போட்ட பெரிய நாயையே கொண்டுவாருங்கள்.

எண்ணூர் வரை சென்னை மாநகராட்சி எல்லை. அங்கே வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்றும் வேண்டும். அத்திப்பட்டு அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்பதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

ரேபிஸ்

உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது. நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு பூஸ்டர், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை.

புது நாய் பயத்தில் கடிக்கலாம், விளையாட்டில் கீறலாம். ‘நம்ம நாய்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ போங்கள். ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளுக்குப் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் தொடர வேண்டும். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். அதை மருத்துவரிடம் கேளுங்கள்.

உண்ணி, வெள்ளநீர், சாம்பல்

சென்னை வெயிலில் உண்ணி ஆண்டு முழுக்க உண்டு. காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மிளகு அளவு சாம்பல் நிறக் கட்டி தட்டுப்பட்டால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். சாப்பாட்டை ஒதுக்குவது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம் வருவது எல்லாம் உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவிவிடாதீர்கள், அது பூனையின் உயிரைக் குடிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்ததையும், கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்றதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நீரில் இறங்கிய நாய் காலை நக்கியே நஞ்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெய் பட்டால் பாத்திரம் கழுவும் திரவத்தால் உடனே கழுவுங்கள். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கும். அது நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும் என்பதால் மழைக்காலத்தில் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். சாம்பல் லாரி ஓடும் சாலையில் நடந்துவிட்டு வந்தால் ஈரத்துணியால் பாதத்தையும் முகத்தையும் துடைத்துவிட்டால் போதும்.

ஒத்துவராவிட்டால்

முதல் சில நாட்கள் நாய் கட்டிலுக்கு அடியிலேயே பதுங்கலாம். வீடு பழக மூன்று மாதம்கூட ஆகலாம். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் காப்பகத்திடமே திருப்பிக் கொடுங்கள். தெருவில் விடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் கொடுங்கள். அடுத்து வளர்ப்பவருக்கு எந்த ஊசி முடிந்தது, எது பாக்கி என்பது அதில்தான் தெரியும்.