ஆட்டம் கொஞ்சம் இருக்கட்டும்

1980களில் சென்னை மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டி கிராங்கில் சத்தம் போட ஆரம்பித்தால், மெக்கானிக்குக் கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டியிருக்கவில்லை. சிலிண்டரைக் கழற்றுவார், கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவார். 'டொக்' என்றால் பிக் எண்ட், அதாவது ராட் கிராங்கில் சேரும் முனை, போய்விட்டது. அதே ராட் பக்கவாட்டில் சாய்ந்தால் அலட்டிக்கொள்ள மாட்டார். மேல்கீழ் ஆட்டம் துளியும் ஆகாது, பக்கவாட்டு ஆட்டம் இருந்தே தீர வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். பிறகு கிராங்கைச் சாக்கில் சுற்றிப் புதுப்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைக்கு அனுப்புவார்.

அந்தப் பட்டறைகளுக்கு வேலைப் பஞ்சம் இருந்ததில்லை. மைசூரிலிருந்து வந்த ஜாவா, யெஸ்டி, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத், 1983-ல் இறங்கிய ஆர்.டி. 350, 1985-ல் வந்த ஆர்.எக்ஸ். 100, ஓசூரின் இந்த்-சுசுகி, வீட்டுக்கு வீடு நின்ற டி.வி.எஸ். 50, போதாக்குறைக்கு லாம்பிரெட்டாவும் ஆட்டோவும். எல்லாமே டூ-ஸ்ட்ரோக். எல்லாவற்றிலும் கிராங்க் ஒரே வகைதான்: சிலிண்டருக்கு இரண்டு இரும்புத் தட்டுகள், அவற்றை ஒரு பின் இணைக்கும், அந்தப் பின்னில் ராட் சுழலும். பின் தேய்ந்தால் பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து, புது ராட் கிட் போட்டு, மறுபடி அழுத்த வேண்டும். அழுத்திய இரண்டு பாதியும் ஒரே கோட்டில் நிற்காது. செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் 'அவுட்' எடுப்பார்கள். யமஹா வகை எஞ்சின்களுக்கு அந்த அவுட் 0.03 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நல்ல பட்டறைகளில் டயல் கேஜ் இருந்தது. மற்ற இடங்களில் கண்ணும் காதும்தான்.

கைப்பழக்கத்தை இப்போது தெய்வீகமாக்கிப் பேசுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கையால் கண்டுபிடிக்க முடிந்தது தேய்மானத்தை. புது பேரிங்கின் இடைவெளியை எந்த விரலும் அளந்ததில்லை. 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சாதாரண பால் பேரிங்கில் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே மொத்த ஆட்டம் 5 முதல் 20 மைக்ரான். சி3 என்று முத்திரை குத்திய பேரிங்கில் 13 முதல் 28 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. கிராங்குக்கு ஏன் அந்தக் கூடுதல் ஆட்டம் வேண்டும்? ஷாஃப்டில் இறுக்கி ஏற்றும்போது உள்வளையம் விரிகிறது, கிராங்க் கேஸில் இறுக்கி உட்கார்த்தும்போது வெளிவளையம் சுருங்குகிறது, எஞ்சின் சூடேறியதும் உள்வளையம் வெளிவளையத்தைவிடக் கூடுதலாக வீங்குகிறது. மூன்றும் சேர்ந்தால் சாதாரண பேரிங்கில் மிச்சம் எதுவும் இல்லாமல் போகலாம். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடு வரும் ஆவிதான். இடைவெளி செத்தால் பேரிங் நீலம் பாய்ந்து செத்துப்போகும். புது எஞ்சினில் துளி ஆட்டமும் இல்லை என்று பெருமைப்பட்டவர்கள் பலர் மறுமாதமே அதே எஞ்சினைத் திரும்பப் பிரித்தார்கள்.

அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. உதிரிபாகம் மலிவு, கடையில் அசல் சரக்கு, வண்டி தினமும் ஓடியது. 1996-ல் ஆர்.எக்ஸ். 100 நின்றது, அதே ஆண்டு மைசூர் ஆலையும் மூடியது. 2000-ல் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் மற்றவையும் ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஆட்டோக்களும் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறின. கிராங்க் பிரஸ்ஸுக்குச் சோறு போட்டது மோட்டார் சைக்கிளைவிட இந்த ஆட்டோவும் மொபெட்டும்தான் என்பேன். அவை போனதும் தொழில் மெலிந்தது.

இன்று அடையாறிலும் தி.நகரிலும் எஞ்சின் பிரிப்பவர்கள் வேறு ஆட்கள். அப்பா ஓட்டிய யெஸ்டியை மீட்க நினைக்கும் மகன், ஞாயிறு காலை மட்டும் ஆர்.டி.யை வெளியே எடுப்பவர். டயல் கேஜ் வீட்டுக்கே பார்சலில் வருகிறது. கேஸைச் சூடாக்கி எச்சில் தொட்டுப் பார்த்த காலம் போய், வெப்பமானி வைத்து 100 டிகிரியில் பேரிங்கை உள்ளே இறக்குகிறார்கள். எஃகைவிட அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், அந்தச் சூட்டில் சுத்தியல் அடி இல்லாமலே அது உட்கார்ந்துவிடும். இது உண்மையான முன்னேற்றம். உள்வளையத்தில் அடித்துக் குண்டுகளால் தடம் பதிய வைத்தே எத்தனை புது பேரிங்குகள் பாழாயின!

ஆனால் கெடும் விதம் மாறிவிட்டது. அன்று ஓடித் தேய்ந்தது, இன்று நின்று துருப்பிடிக்கிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் அசையாத வண்டியில் அந்த ஈரம் கிராங்க் கேஸுக்குள் தங்கினால் பேரிங் வளையத்தில் புள்ளி புள்ளியாகத் துரு விழும். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு நேர்ந்ததும் இதுதான், ஒரே இரவில். சைலன்சர் வழியே புகுந்த நீர், பிஸ்டன் நின்ற இடத்தில் போர்ட்டுகள் திறந்திருந்தால், அவற்றைத் தாண்டி நேரே கிராங்குக்குப் போய்விடும். டூ-ஸ்ட்ரோக்கில் தடுக்க நடுவே வால்வு எதுவும் இல்லை. இதோடு போலி பேரிங் தொல்லை வேறு. பெட்டியிலும் வளையத்திலும் சி3 என்று இருக்கும், உள்ளே என்ன இருக்கிறதோ!

எஞ்சினைப் பிரிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேரிங்கை நம்பிக்கையான கடையில் பில்லோடு நீங்களே வாங்கிக் கொடுங்கள். கிராங்க் மூடப்படும் முன் டயல் கேஜ் முள் எவ்வளவு நகர்கிறது என்று நேரில் பாருங்கள். பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி தேய்ந்ததா துருவேறியதா என்பதை அதன் வளையமே சொல்லிவிடும். அப்புறம், வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுத்து ஓட்டுங்கள்.