ஒலிக்கோப்பின் குறிப்புச் சீட்டு



சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தபோது, எண்பது வயதைக் கடந்த என் பெரியம்மா பாடிய நடவுப் பாட்டு ஒன்றைக் கைபேசியில் பதிந்து வந்தேன்; உறவினர் சிலருக்கு அனுப்பியும் வைத்தேன். சில திங்கள் சென்றபின், நான் வாழும் பெங்களூரு வைட்ஃபீல்டில், அண்டை வீட்டுத் தமிழன்பர் ஒருவரின் கைபேசியில் அப்பாட்டே ஒலித்தது. "பாடுபவர் யார்?" என்றேன். "யாரோ ஒரு பாட்டி சார், கேளுங்கள், என்ன குரல்!" என்றார்.

அக்கோப்பின் விவரங்களைத் திறந்து நோக்கினேன். பாடியவர் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாய்க் கிடந்தது. தலைப்பு இருக்கவேண்டிய இடத்திலோ, பெரியம்மா தனியே வாழும் தெருவின் பெயர் நின்றது. சில கைபேசிகள் பதிவு செய்த இடத்தின் பெயரையே பதிவுக்குத் தலைப்பாக இட்டுவிடும். இருக்கவேண்டியது இல்லை, இருக்கத்தகாதது இருந்தது.

ஒலிக்கோப்பினுள் ஒலியோடு ஒரு குறிப்புச் சீட்டும் உறைகின்றது. ஆங்கிலத்தில் இதனை 'டேக்' என வழங்குவர். இது கோப்பின் பெயரினின்றும் வேறானது. கைமாறும்போது கோப்பின் பெயர் எளிதில் மாறிவிடும். உள்ளிருக்கும் சீட்டோ பெரும்பாலும் கோப்புடனேயே செல்லும்.

இத்தேவை புதிதன்று. 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையார் இசைத்தட்டுக்குப் பாடியபோது, பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரைத்தார். தட்டுகள் உருவானது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். ஆங்குள்ளோர் பாடியவரை அறிந்து சீட்டு ஒட்டுதற்கு அது துணைசெய்தது என்பர்.

1996இல் எரிக் கெம்ப் என்பவர் எம்பி3 கோப்புக்கென வகுத்த 'ஐடி3' சீட்டும் கோப்பின் இறுதியிலேயே அமைந்தது. அதன் அளவு 128 பைட்டுகள். தலைப்பு, கலைஞர், தொகுப்பு ஆகியவற்றிற்குத் தலா 30 பைட்டுகளே உண்டு. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் 'திருநாவுக்கரசர்' என்று எழுத மட்டும் 45 பைட்டுகள் வேண்டும்! தமிழ்ப் பெயருக்கு அச்சீட்டில் இடமில்லை என்பது இதனால் விளங்கும். 1998இல் வந்த இரண்டாம் அமைப்பு கோப்பின் தொடக்கத்தில் அமைந்து, நீண்ட பெயர்களையும் ஒருங்குறியையும் ஏற்றது. எம்4ஏ போன்ற பிற கோப்புகளில் சீட்டின் அமைப்பு வேறாயினும் பயன் ஒன்றே.

திருத்துவது எங்ஙனம்? முதலில் கோப்பின் படி ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக்கொள்க. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் 'கிட்3' போன்ற செயலியில் கோப்பைத் திறந்தால், தலைப்பு, கலைஞர், ஆண்டு, குறிப்புரை என்னும் கட்டங்கள் தோன்றும். பாடியவர் பெயர், பாட்டின் வகை, பதிந்த ஆண்டு ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதுக. வீட்டு முகவரி, தொலைபேசி எண், தெருவின் பெயர் இருப்பின் அழித்துச் சேமிக்க. இதனால் ஒலிக்கு ஊறு நேராது. ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: ஒரே எம்பி3 கோப்பில் பழைய சீட்டும் புதிய சீட்டும் ஒருங்கே இருத்தல் கூடும். ஒன்றை அழித்து மற்றொன்றை விட்டுவிட்டால், மறைக்க எண்ணியது மறையாது. ஆதலின் சேமித்தபின் மீண்டும் திறந்து பார்த்தல் நலம்.

அழிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நம் சொந்தப் பதிவில் நம்மைப்பற்றிய குறிப்பை நீக்குவது நம் உரிமை. பிறர் படைப்பிலுள்ள தலைப்பையும், ஆக்கியோர், பாடியோர் பெயர்களையும் அனுமதியின்றி அறிந்தே நீக்குவது குற்றம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65-பி பிரிவு, இதற்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கின்றது.

அன்றிரவே பெரியம்மாவின் பெயரை எழுதித் தெருவின் பெயரை அழித்தேன். அண்டை வீட்டாருக்கும் உறவினருக்கும் புதிய படியை அனுப்பினேன். ஆயினும் முன்னரே பலர் கைக்குச் சென்ற படிகளைத் திரும்ப அழைக்க யாரால் இயலும்? அனுப்புமுன் ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் இக்குறை நேர்ந்திராது.

1882இல் குடியேற்றமாகத் தோன்றிய வைட்ஃபீல்ட், டி. எஸ். ஒயிட் என்பாரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. ஊரை விட்டு வந்த நாமோ, ஊரின் குரல்களைக் கைபேசியில் சுமந்து திரிகின்றோம். அக்குரல்களுக்கு உரியோரின் பெயரையும் உடன் சுமப்பது நம் கடன் அன்றோ?