இராகலைக்குப் போன சின்னக் கோச்சி

"ஹற்றனில் கோச்சி ஏறினால் நுவரெலியாவுக்கே போய் இறங்கலாமா?" பொல்பிட்டிய இளைஞர் குழுவில் ஒருவர் அண்மையில் எம்மிடம் இப்படிக் கேட்டார். நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும் என்றோம். "அவ்வளவு பெரிய ஊருக்கு ஏன் ஸ்டேசன் இல்லை?" என்றார் அவர். ஒரு காலத்தில் இருந்தது. கந்தப்பளைக்கும் இருந்தது, இராகலைக்கும் இருந்தது. இக்கட்டுரை அந்தப் பாதையின் கதை.

மலைநாட்டுப் பிரதான ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அங்கிருந்து அது நுவரெலியாவைப் பக்கத்தில் விட்டுவிட்டு, பட்டிப்பொல வழியாக அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் திரும்பிற்று. நுவரெலியாவுக்கு அப்பால் உடப்புசல்லாவை வரை பரந்து கிடந்த தேயிலைத் தோட்டங்களுக்கு மாட்டு வண்டிதான் கதி. தோட்டத்துரைமார் ரயில் கேட்டார்கள். அரசாங்கம் மலிவான வழியொன்றைத் தேடியது. அதன் பயனாக 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வரையும், 1904இல் இராகலை வரையும் ஒடுங்கிய பாதை திறக்கப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 19 மைல்.

ஒடுங்கிய பாதை என்பது என்ன? ஹற்றன் ஸ்டேசனில் நாம் பார்க்கும் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஐந்தரை அடி இடைவெளி உண்டு. இராகலைப் பாதையில் அது இரண்டரை அடிதான். தண்டவாளம் நெருங்க நெருங்க வளைவுகளைக் கூர்மையாக வைக்கலாம். மலையைக் குடைவதும் மண் நிரப்புவதும் குறையும், செலவும் குறையும். இதனால் அந்தச் சின்னக் கோச்சி கந்தப்பளைக்கு அருகே 6,300 அடிக்கு மேல் ஏறியது. இன்று நாட்டின் மிக உயரமான ஸ்டேசனாகிய பட்டிப்பொல 6,226 அடிதான். நமக்குக் கீழே யட்டியாந்தோட்டைக்கு வந்த களனிவெளிப் பாதையின் கிளையும் இதே அளவுதான். யுத்த காலத்தில், 1942இல், அது கழற்றப்பட்டது.

பாதை தேயிலைக்காகப் போடப்பட்டது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஸ்டோரிலிருந்து தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அரிசியும் உரமும் ஏறின. ஆனால் ஏறிவந்த இன்னொரு சுமையைப் பற்றி ரயில் வரலாறு எழுதுவோர் அதிகம் பேசுவதில்லை. அந்தச் சுமை நம் முன்னோர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ இப்பாதை போடப்பட்ட அதே காலத்தில், தகரச் சீட்டு முறை அறிமுகமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டவரிடம் தோட்டத்தின் இலக்கமும் மாவட்டத்தின் குறியும் பொறித்த சிறு தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதைக் காட்டினால் வழியில் யாரும் காசு கேட்கமாட்டார்கள். இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் பற்று வைக்கப்பட்டது. எந்த ஸ்டேசனில் இறங்குவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தகரம் சொல்லிவிடும். பெட்டியில் முகவரி எழுதி அனுப்புவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கிய பின்னர், மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, கடல் கடந்து, கோச்சி மாறி மாறி வந்து, கடைசியாகக் குளிர் நடுக்கும் நானுஓயாவில் இந்தச் சின்னக் கோச்சிக்கு மாறியவர்களை நினைத்துப் பாருங்கள். வந்த வழியே திரும்புவது எளிதாக இருக்கவில்லை. கடன் விபரம் எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாத நிலை 1921 வரை நீடித்தது.

பாதையின் முடிவுக்குக் காரணமும் அதன் பிறப்பிலேயே இருந்தது. ஒடுங்கிய பாதையின் பெட்டி அகலப் பாதையில் ஓடாது. ஆகவே இராகலையில் ஏற்றிய தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றையும் நானுஓயாவில் இறக்கி, பெரிய பெட்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். இரட்டை வேலை, இரட்டைக் கூலி. வீதிகள் சீராகி லொறி வந்தபோது, ஸ்டோர் வாசலில் ஏற்றினால் கொழும்பில்தான் இறக்கம் என்றாயிற்று. ரயிலின் வருமானம் விழுந்தது. 1948இல் பாதை முற்றாக மூடப்பட்டது. தேயிலைக்கு மாற்று வழி கிடைத்துவிட்டதால் பாதை தேவையற்றதாயிற்று. ஏறி இறங்கிய மனிதருக்கு என்ன மாற்று என்பது பெரிய கேள்வியாக இருந்ததாகத் தெரியவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. நுவரெலியாவும் அதில் ஒன்று. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் அதற்கு அடுத்த ஆண்டின் வாக்குரிமைத் திருத்தமும் அந்தக் குரலையும் அடைத்துவிட்டன. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆண்டு மட்டும் ஒன்று.

இந்தியாவின் கல்கா–சிம்லா பாதையை இங்கே ஒப்பிடலாம். அதுவும் இரண்டரை அடி, அதுவும் 1903இல் திறந்தது. அது இன்றும் ஓடுகிறது; 2008இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் எஞ்சியிருந்த களனிவெளிப் பாதையும் 1990களில் அகலமாக்கப்பட்டது. ஒடுங்கிய பாதையின் இயந்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் 2014இல் திறந்த கடுகண்ணாவ ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 1990களில் ஹோட்டலாக மாறியது. அதன் முற்றத்தில் ரயில் பெட்டி ஒன்று உணவுக்கூடமாக நிற்கிறது. விருந்தினர் அதில் அமர்ந்து இராச்சாப்பாடு சாப்பிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை.

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு மீண்டும் ரயில் விடுவது பற்றி அவ்வப்போது பேச்சு எழுகிறது. சுற்றுலாவுக்கு நல்லது என்கிறார்கள். அப்படி நடந்தால் டிக்கற் விலை என்ன, அது நுவரெலியாவோடு நின்றுவிடுமா, கந்தப்பளைத் தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்கு அதில் ஏற முடியுமா என்று இப்போதே கேட்டு வைப்பது நம் தோட்டச் சங்கங்களின் வேலை. இன்னொன்றும் கேட்கலாம்: புதிதாக ஸ்டேசன் கட்டுவார்களானால், சுவரில் ஆவி இயந்திரத்தின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரச் சீட்டும் மாட்டப்படுமா?

உங்கள் வீட்டுப் பழைய தகரப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, எந்த ஸ்டேசனில் இறங்கினோம் என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களிடம் விசாரித்து எழுதி வையுங்கள்.