ஒரு பாடத்துக்கு எத்தனை கையெழுத்து?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் தேர்தல் நாளன்று அநேகமாக யாரும் வரிசையில் நிற்பதில்லை. வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பி, உறைமேல் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். (தலைநகர் வாஷிங்டன் வேறு, இது வேறு. சியாட்டில் இருக்கும் மாநிலம் இது.) 2020 நவம்பர் 3 தேர்தலுக்காக வந்த சீட்டில் டிரம்ப், பைடன் பெயர்கள் இருந்தன. அதே சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது. பள்ளிகளில் பாலியல் நலக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத்தை ஏற்கிறீர்களா, தள்ளுகிறீர்களா? அமெரிக்காவில் ஒரு மாநிலம் முழுவதும் இப்படியொரு கேள்விக்கு மக்கள் வாக்களித்தது அதுவே முதல்முறை.

வகுப்பறைப் பாடம் ஒன்று வாக்குச்சீட்டு வரை எப்படி வந்தது?

அமெரிக்க அரசியல் சாசனம் கல்வியைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதனால் அது மாநிலங்களின் பாடு. ஐம்பது மாநிலங்கள், ஐம்பது விதமான சட்டங்கள். மிசிசிப்பியில் 2011-ல் வந்த சட்டம், திருமணம் வரை உடலுறவிலிருந்து விலகியிருப்பதை முதன்மையாக வைத்துத்தான் இந்தப் பாடத்தை நடத்தச் சொல்கிறது. ஆணும் பெண்ணும் தனித்தனி வகுப்பில் உட்கார வேண்டும், ஆணுறையை எப்படிப் போடுவது என்று ஆசிரியர் காட்டக் கூடாது. கலிபோர்னியாவில் 2016 முதல் நடப்பில் இருக்கும் சட்டமோ கருத்தடை முறைகளை மறைக்காமல் சொல்லச் சொல்கிறது, நடுநிலைப் பள்ளியில் ஒருமுறை, உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையாவது நடத்தியே தீர வேண்டும் என்கிறது. மத்திய அரசு பாடத்திட்டத்தைத் தொடாது. ஆனால் பணத்தைத் தொடும். 1996-ன் சமூகநலச் சீர்திருத்தச் சட்டத்தில், ‘திருமணத்துக்கு முன் வேண்டாம்’ என்று மட்டும் கற்பிக்கும் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பணம் வேண்டுமானால் இந்த எட்டு அம்சங்களின்படி சொல்லிக்கொடு என்று நிபந்தனையும் போட்டார்கள். அந்தத் திட்டங்களில் நான்கை எடுத்து அரசே ஆய்வு செய்ய வைத்தது. 2007-ல் வந்த முடிவு: அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் நடத்தையில் வேறுபாடு இல்லை.

வாஷிங்டன் மாநிலத்தின் கதை 1988-ல் எய்ட்ஸ் பயத்தில் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பு முதல் ஆண்டுதோறும் எச்.ஐ.வி. தடுப்புப் பாடம் நடத்த வேண்டும் என்று அப்போது சட்டம் வந்தது. 2007-ல் அடுத்த படி. பாலியல் பாடம் நடத்தும் பள்ளிகள் மருத்துவ அறிவியலுக்கு ஒத்ததையே நடத்த வேண்டும். விலகியிருப்பதைச் சொல்லலாம், ஆனால் கருத்தடையையும் நோய்த் தடுப்பையும் விட்டுவிட்டு அதை மட்டும் சொல்லக் கூடாது. நல்ல சட்டம்தான், ஆனால் பெரிய ஓட்டை இருந்தது. நடத்தினால் சரியாக நடத்து என்றது, நடத்தியாக வேண்டும் என்று சொல்லவில்லை. மாநிலத்தில் 295 பள்ளி மாவட்டங்கள். நம் வருவாய் மாவட்டம் போல நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வாரியத்தின் கீழ் ஓடும் தனி நிர்வாகம், சில ஒரே ஒரு பள்ளியோடு நின்றுவிடும். எந்த வாரியத்தின் எல்லைக்குள் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு பிள்ளைக்கு இந்தப் பாடம் கிடைத்தது, கிடைக்காமலும் போனது.

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் செனட் மசோதா 5395. கேட்டவர் மாநிலக் கல்வித் தலைவர் கிறிஸ் ரெய்க்டால். அங்கே அந்தப் பதவிக்கும் தேர்தல் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சட்டத்தை எடுத்துப் படித்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும், அவ்வளவு மெலிசு. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்புக்குள் ஒருமுறை, நான்கு-ஐந்தில் ஒருமுறை, ஆறு முதல் எட்டுக்குள் இருமுறை, ஒன்பது முதல் பன்னிரண்டுக்குள் இருமுறை. இதுதான் குறைந்தபட்சம். பாடம் வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், எந்தப் பிள்ளையையும் ஒதுக்கக் கூடாது. வெளிப்படையான சம்மதம் என்றால் என்ன, பக்கத்தில் ஒருவருக்குத் தொல்லை நடக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்காமல் என்ன செய்வது என்ற இரண்டும் புதிதாகச் சேர்ந்தன. எந்தப் புத்தகம், எந்தப் பாடத்திட்டம் என்று சட்டம் சொல்லவில்லை. கல்வித்துறை ஒரு பட்டியல் வைத்திருக்கும், அதிலிருந்து எடுக்கலாம், வேறொன்றையும் எடுக்கலாம், மாவட்டமே எழுதிக்கொள்ளவும் செய்யலாம், தரநிலைகளுக்குப் பொருந்தினால் சரி. ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், பாடத்தைப் பார்க்க வழி செய்ய வேண்டும். என் பிள்ளைக்கு வேண்டாம் என்று எழுதிக் கேட்டால், பள்ளி மறுக்க முடியாது.

மூன்றாம் வகுப்பு வரை உள்ள அந்த ஒருமுறையில் என்ன இருக்கிறது? உடலுறவு என்ற பேச்சே இல்லை. உணர்ச்சிகளை அடையாளம் காண்பது, கோபம் வந்தால் என்ன செய்வது, மற்றவரோடு ஒத்துப்போவது என்ற சமூக-உணர்வுப் பாடம் மட்டும்தான் என்று சட்டமே வரையறுக்கிறது. ஆனால் அதையும் ‘முழுமையான பாலியல் நலக் கல்வி’ என்ற தலைப்பின்கீழ் கொண்டுவந்து வைத்தார்கள். சட்டம் எழுதியவர்கள் தங்கள் காலிலேயே போட்டுக்கொண்ட கல் இதுதான் என்பேன். ‘பால்வாடிப் பிள்ளைக்கும் பாலியல் பாடமா?’ என்ற முழக்கத்தை எதிரிகள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, தலைப்பிலேயே இருந்தது.

2020 மார்ச்சில் சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சியினர் திருத்தங்களாகக் குவித்து விவாதத்தை இழுத்தனர். பிரதிநிதிகள் அவையில் 56-40, செனட்டில் 27-21 என்று மசோதா தேறியது. ஆளுநர் ஜே இன்ஸ்லீ கையெழுத்திட்டது மார்ச் 27. அதற்கு நான்கு நாள் முன்புதான் கொரோனாவுக்காக எல்லோரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லி உத்தரவிட்டிருந்தார்.

அந்த மாநிலத்தில் ஆளுநர் கையெழுத்தே கடைசிக் கையெழுத்து அல்ல. முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 4 சதவீத அளவுக்கு மக்கள் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால், சட்டம் அப்படியே நிற்கும், பொதுவாக்கெடுப்பு முடியும் வரை அமலாகாது. அந்த ஆண்டுக் கணக்குப்படி தேவை 1,29,811 கையெழுத்து. வழக்கமாக இதற்கு அங்காடி வாசலில் மேசை போட்டு, போவோர் வருவோரைப் பிடிப்பார்கள். ஊரடங்கில் அதற்கு வழியில்லை. பெற்றோர் குழுக்களும் தேவாலயங்களும் படிவங்களைக் கைமாற்றிக் கைமாற்றி ஜூனுக்குள் சேர்த்தது 2,64,000-க்கும் மேல். தேவையைப் போல இரண்டு மடங்கு. வெறும் வதந்தியை நம்பி இத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்று தள்ளிவிட முடியாது. கோடையில் கோதுமை விளையும் கிழக்குப் பகுதியின் சிறு ஊர்களில், ‘எங்கள் பள்ளி வாரியம் முடிவு செய்வதை மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஏன் முடிவு செய்கிறீர்கள்?’ என்ற கேள்விக்குப் பாலியலோடு தொடர்பே இல்லை. கொரோனாவில் பள்ளியே மூடிக் கிடக்கும்போது புதுப் பாடத்துக்குச் செலவு எதற்கு என்றும் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

ஆனால் பிரசாரம் சூடானபோது சண்டை சட்டத்தைப் பற்றியதாக இல்லை, ஒரு படத்தைப் பற்றியதாக மாறியது. அந்தப் படத்துக்குப் போகும் வழியைப் பாருங்கள். சட்டத்தில் படம் இல்லை. கல்வித்துறைப் பட்டியலில் பல பாடத்திட்டங்கள். அவற்றில் ஒன்றில் நான்காம் வகுப்புப் பகுதி. அதில் பெற்றோருக்கான ஒரு துண்டுத்தாள். அந்தத் தாளில், வேண்டுமானால் படிக்கலாம் என்று பரிந்துரைத்த ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்துக்குள்தான் உடலுறவைக் காட்டும் அந்தப் படம். ரெய்க்டாலை எதிர்த்துப் போட்டியிட்ட மையா எஸ்பினோசா, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடலுறவு நிலைகளைக் கற்பிக்கும் கொள்கையை ரெய்க்டால் தூக்கிப்பிடித்தார் என்று அரசின் வாக்காளர் கையேட்டிலேயே எழுதிக் கொடுத்தார். ரெய்க்டால் நீதிமன்றம் போனார். கீழ் நீதிமன்றம் அந்த வரியை நீக்கச் சொன்னது. மாநில உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை மாற்றியது. பொய் என்று தெரிந்தே எழுதினார் என நிரூபிப்பது கடினம், ஆகவே அவதூறு வழக்கு நிற்காது என்பது அதன் பார்வை. வரி கையேட்டில் நின்றது, பதவி ரெய்க்டாலிடமே நின்றது.

வாக்குச்சீட்டின் வாசகமும் ஆளைச் சுற்றவிட்டது. வாக்கெடுப்பு கேட்டவர்கள் சட்டத்தின் எதிரிகள். ஆனால் வாக்கெடுப்பை ‘ஏற்கிறேன்’ என்றால் சட்டத்தை ஏற்பதாகப் பொருள். எதிர்த்துக் கையெழுத்திட்டவர் ‘தள்ளுகிறேன்’ என்று குறிக்க வேண்டும். இரு தரப்பும் இதை விளக்கியே பாதி நேரத்தைச் செலவிட்டன. முடிவில் சுமார் 58 சதவீதம் பேர் சட்டத்தை ஏற்றார்கள். சியாட்டிலைச் சுற்றிய பகுதி அள்ளிக் கொடுத்தது. காஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கும் கவுன்ட்டிகள் (மாநிலத்தின் ஆட்சிப் பிரிவுகள்) பல எதிர்த்தன.

இவ்வளவு ஆரவாரத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று, என் கணக்கில் முக்கியமானது, பெற்றோரின் கையெழுத்து. வாஷிங்டனில் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளை வெளியே. எழுதாவிட்டால் உள்ளே. டெக்சாஸ் 2021-ல் இதைத் தலைகீழாக்கியது. எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளை உள்ளே. கலிபோர்னியா மறுபக்கம், பள்ளிகள் அப்படி முன் ஒப்புதல் கேட்பதையே தடை செய்கிறது. மூன்று இடத்திலும் பெற்றோரின் உரிமை காகிதத்தில் ஏறத்தாழ ஒன்றுதான். பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், பள்ளியிலிருந்து வரும் தாள்களில் பாதி பையின் அடியில் சாப்பாட்டு டப்பாவின் கீழ் நசுங்கிக் கிடக்கும். தாளைப் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பும் வீடு, எப்படியும் பிள்ளையோடு பேசுகிற வீடாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வேலைக்கு ஓடும் தாய், ஆங்கிலம் புரியாத பாட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்குள்ளேயே தொல்லை தரும் ஆள் இருக்கும் வீடு: அந்தத் தாளில் கையெழுத்து விழாத இடங்கள் இவை. ‘சம்மதமின்றி உன்னை யாரும் தொடக் கூடாது’ என்று ஒருவர் சொல்லக் கேட்க வேண்டிய பிள்ளை அங்கேதான் இருக்கிறது.

சியாட்டிலை ஒட்டிய ரெட்மண்ட், பெல்வியூ பக்கம் மென்பொருள் வேலைக்குப் போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் ஆண்டுத் தொடக்கத்தில் இந்த அறிவிப்பு வருகிறது. அங்கே வளரும் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழாவை ஊரில் வந்து நடத்த விடுமுறையும் பார்ப்பார்கள். பெண் பெரியவளானதை மண்டபம் எடுத்து, படம் போட்ட பேனர் கட்டி ஊருக்கே அறிவிக்கும் நாம், நடந்தது என்ன என்று அவளுக்குச் சொல்வதில் மட்டும் கூச்சப்படுகிறோம். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வரும்போது ‘வீட்டிலேயே படித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்தைத் தள்ளிய ஆசிரியர் எனக்கும் இருந்தார். நம் நாட்டில் 2007 வாக்கில் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்தியபோது, யாருடைய கையெழுத்தும் கேட்கப்படவில்லை. அரசின் அறிவிப்பு ஒன்றே போதுமாக இருந்தது.

இத்தகைய சட்டங்களால் பலன் உண்டா என்றால், எச்சரிக்கையோடுதான் பேச வேண்டும். அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 1991-ல் 61.8 பிரசவங்கள் நடந்தன. 2020-ல் அது 15.4. நல்ல கருத்தடை முறைகள் வந்ததும் பரவியதும் இதில் பெரும் பங்கு. பாடத்தின் பங்கு இவ்வளவு என்று தனியாகப் பிரித்துச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

வாஷிங்டனில் விவகாரம் ஓய்ந்துவிடவில்லை. 2024-ல் ‘பெற்றோர் உரிமைப் பட்டயம்’ என்ற மக்கள் முன்மொழிவு இன்னொரு மூட்டைக் கையெழுத்தோடு சட்டமன்றத்துக்கு வந்தது. பாடநூலைப் பார்க்கும் உரிமை, அறிவிப்புப் பெறும் உரிமை என்று அதில் இருந்த பலவும் ஏற்கெனவே சட்டத்தில் உள்ளவைதான் என்று சொல்லி ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பாலோரும் ஆதரித்தார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தினார்கள். திருத்தம் பிடிக்காமல், முன்மொழிவைக் கொண்டுவந்த குழு மறுபடியும் கையெழுத்துத் தாளோடு தெருவில் இறங்கியது.

சியாட்டில் இருக்கும் கிங் கவுன்ட்டியின் சுகாதாரத் துறை ‘ஃபிளாஷ்’ என்ற பாடத்திட்டத்தைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. மாநிலத்தின் பல பள்ளிகளில் நடப்பது அதுதான். அதில் ஒரு பெட்டி உண்டு. பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும், ஆசிரியர் எடுத்துப் படித்துப் பதில் சொல்வார். கேள்வி இல்லாதவர்களும் ஏதாவது எழுதிப் போடுவார்கள், யார் கேட்டார் என்று யாருக்கும் தெரியக் கூடாதல்லவா. அந்தச் சீட்டில் மட்டும் பெயரும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.