பதினாறா, பதினேழா?

மாட்டுங்காவில் நாம் பணிபுரியும் கிளையில் சேமிப்புக் கணக்கு வைத்துள்ள தாராவிப் பெண் ஒருவர், எழுத்தர் தேர்வுக்குப் படித்து வருகிறார். ஒரு நாள் கணக்குப் புத்தகத்தில் பதிவு முடிந்ததும், பயிற்சி நூலொன்றை நீட்டினார். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு கோடு. படத்தில் மொத்தம் எத்தனை முக்கோணங்கள்?

நாமும் இத்தகைய தேர்வெழுதி வந்தவர்களே. படத்தைச் சரியாகப் பாராமலே "பதினாறு" என்றோம். நூலின் விடையும் அதுவே.

"இந்தக் கோடுகள் ஒரே புள்ளியில் சேரவில்லையே, சார்?"

உற்றுப் பார்த்தோம். மூன்று கோடுகளுக்கு நடுவே அரிசிமணி அளவில் ஒரு முக்கோணம் இருந்தது. அச்சுப் பிழையோ என்னவோ! பக்கங்களையும் சேர்த்துக் கோடுகள் ஆறு. அவற்றில் மும்மூன்றாகத் தெரிவு செய்ய 20 வழிகள். ஒவ்வொரு முனையிலும் மூன்று கோடுகள் கூடுவதால் 3 தெரிவுகள் முக்கோணம் ஆகா. மீதி 17. உட்கோடுகளும் ஒரே புள்ளியில் கூடினால்தான் இன்னொன்று குறைந்து 16 ஆகும்.

எப்போது கூடும்? ஒரே சுற்றில் சென்று, பக்கங்கள் பிரிபடும் மூன்று விகிதங்களையும் பெருக்கினால் 1 வரவேண்டும். இத்தாலியரான ஜியோவன்னி சேவா 1678-இல் வெளியிட்ட நூலில் இதனைக் காணலாம். நடுக்கோடுகள் எப்போதும் கூடும். பக்கங்களை ஒரே சுற்றில் 1:2 எனப் பிரித்தால் கூடா. அப்போது நடுவில் எஞ்சும் முக்கோணம், முழுப் பரப்பில் சரியாக ஏழில் ஒரு பங்கு.

இதைவிட நம்மை வியக்கவைத்தது வேறொன்று. பக்கங்களை மூன்று சமபாகங்களாக்கி, எல்லாப் பிரிவுப்புள்ளிகளையும் எதிர்முனைகளோடு இணைத்தால் உள்ளே 12 வெட்டுப்புள்ளிகள். நான்கு பாகங்களாக்கினால் 27 வரும் என்றே எண்ணுவோம், வருவதோ 13! ஏழு இடங்களில் மும்மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூடிவிடுகின்றன. வாசகர்கள் அளவுகோல் கொண்டு வரைந்து பார்க்கலாம். கை சற்றே நழுவினாலும் எண்ணிக்கை மாறிவிடும்.

அடுத்த வாரம் அப்பெண், பதின்மூன்று புள்ளிகளையும் சிவப்பு மையில் குறித்த தாளோடு வந்தார். அந்தப் பழைய படமே தேர்வில் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம்.

"விடைகளில் பதினேழு இருந்தால் குறிப்பேன், சார். இல்லையென்றால் தொடமாட்டேன். தவறானால் கால் மதிப்பெண் போய்விடுமே!"