சுரங்கத்துத் தண்ணீர் என்ன சொல்கிறது?

ஹைட்ராலிக்ஸ் லேபில் வி-நாட்ச் பரிசோதனை செய்திருப்பீர்கள். ஹூக் கேஜில் ரீடிங் எடுத்தோம், கிராப் போட்டோம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம், அதோடு சரி. அதே வி-நாட்ச் நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் உயிர்காக்கும் கருவி என்றால் நம்புவீர்களா?

பூமிக்கடியில் கரி வெட்டும் இடத்தில் தண்ணீர் கசியத்தான் செய்யும். வாய்க்கால் வழியாகச் சம்ப்புக்குக் கொண்டுவந்து பம்ப் வைத்து மேலே தள்ளிவிடுவார்கள். பயப்பட வேண்டியது இதற்கல்ல. எப்போதோ கரியை எடுத்துவிட்டுக் கைவிட்ட பழைய குடைவுகளில் ஏரி மாதிரி தேங்கி நிற்கிறதே, அதுதான் எமன். 30 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒரு சதுர மீட்டர் சுவரில் 30 டன் அழுத்தம்! நடுவில் இருப்பது வெறும் கரிச்சுவர்.

1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் பக்கத்தில் சாஸ்நாலா சுரங்கத்தில் இப்படித் தேங்கிய தண்ணீர் உடைத்துக்கொண்டு புகுந்ததில் 375 பேர் மாண்டார்கள். 1989 நவம்பரில் ராணிகஞ்ச் பகுதியின் மகாவீர் சுரங்கத்திலும் வெள்ளம் புகுந்தது. அங்கே மேலிருந்து துளை போட்டு, எஃகுக் கூண்டு இறக்கி, 65 பேரை ஒவ்வொருவராக மீட்டார்கள். அந்தக் கூண்டில் தானே கீழே இறங்கிய பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில்லை நாம் மறக்கக்கூடாது.

பழைய குடைவுக்கு 60 மீட்டருக்குள் வந்துவிட்டால் அனுமதி இல்லாமல் மேற்கொண்டு வெட்டக்கூடாது, முன்னாலேயே துளையிட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆனால் பழைய குடைவு எங்கே இருக்கிறது என்று பிளான் சரியாகச் சொல்ல வேண்டுமே! 2002-இல் அமெரிக்காவின் குவீகிரீக் சுரங்கத்தில் 9 பேர் சிக்கியதற்குக் காரணம் தவறான பழைய வரைபடம்தான் (நல்லவேளை, அத்தனை பேரும் பிழைத்தார்கள்). ஆகவே பிளானை மட்டும் நம்பாமல் தண்ணீரையே விசாரிக்க வேண்டும்.

முதலில் அளவு. 90 டிகிரி நாட்சில் தண்ணீர் 10 செ.மீ. உயரம் நின்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர். 12 செ.மீ. என்றால் 6.9 லிட்டர். கண்ணுக்கு 2 செ.மீ.தான், வரத்தோ ஒன்றரை மடங்குக்கும் மேல்! பம்ப் ஓடிய மணிநேரத்தை வைத்துக் கணக்குப் போடுவதும் உண்டு. ஆனால் இம்பெல்லர் தேய்ந்த பம்ப் பொய் சொல்லும். மழை அளவையும் அதே தாளில் குறிக்க வேண்டும். மழைக்குப் பின்னால் வரத்து கூடினால் மேலிருந்து வழி இருக்கிறது. மழையே இல்லாமல் கூடினால்?

அங்கேதான் தரப் பரிசோதனை கைகொடுக்கிறது. கரியில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு இருக்கிறது. காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறும். பழைய குடைவில் வருடக்கணக்கில் ஊறிய தண்ணீரில் சல்பேட், இரும்பு, மின்கடத்துதிறன் எல்லாம் பெரும்பாலும் தூக்கலாக இருக்கும். புது மழைநீரில் இவை குறைவு. பி.எச். மட்டும் பார்த்தால் போதாது, சுண்ணாம்புப் பாறை இருந்தால் அமிலம் அடங்கிவிடும், சல்பேட் மட்டும் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, பி.எச்.சை அந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். பாட்டில் லேபுக்குப் போய்ச் சேருவதற்குள் இரும்பு காற்றோடு சேர்ந்து பழுப்பாகப் படிந்து ரீடிங்கே மாறிவிடும்.

வரத்தும் ஏறி, சல்பேட்டும் ஏறி, கரிமுகம் வியர்த்து, அழுகிய முட்டை வாடையும் அடித்தால் ஆட்களை உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். காரணம் தேடுவதெல்லாம் அப்புறம்தான்.

இந்த அமிலத் தண்ணீர் வார்ப்பிரும்பு பம்ப்பையும் அரித்துத் தின்னும். அதனால்தான் இத்தகைய சுரங்கங்களில் வெண்கலம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இம்பெல்லர் போடுகிறார்கள். மேலே வந்த தண்ணீரை அப்படியே ஆற்றில் விட முடியாது. சுண்ணாம்பு கலந்து, காற்றூட்டி, இரும்பைப் படியவிட்ட பிறகே வெளியே விட வேண்டும்.